ஜப்பானில் பிறப்பை மறைத்து வாழ்ந்த புராக்கு இளைஞர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

உங்கள் கேள்வியை இப்படி எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானில் 'புராக்கு' என்று ஒதுக்கப்பட்ட குடியிருப்பில் பிறந்த ஒரு பையன் ஒசாகாவுக்கோ டோக்கியோவுக்கோ போகிறான். சொந்த ஊரைக் கேட்டால் வேறொரு ஊரைச் சொல்லி, புது ஆளாக வாழத் தொடங்குகிறான். நிறம், முகம், மொழி, மதம் எதிலும் வித்தியாசம் இல்லை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டமும் இல்லை. அப்படியிருக்க, வேலைக்குப் போகும்போதும் கல்யாணம் பேசும்போதும் எப்படி மாட்டிக்கொண்டான்? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவன் பிறப்பு எங்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பது ஒன்று. அதை எடுத்துப் படிக்க யாருக்கெல்லாம் வழி இருந்தது என்பது மற்றொன்று. ஜப்பானியக் குடும்பப் பதிவேடுகளை மொழிபெயர்ப்பது பல ஆண்டுகளாக என் தொழில் என்பதால் முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் ஆவணங்களும் தீர்ப்புகளும் போகும் தூரம் வரைதான் உறுதி.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் (1603–1868) செத்த மாட்டை அகற்றுவது, தோல் பதனிடுவது, சிறைக்காவல், மரண தண்டனைக்கு உதவுவது போன்ற வேலைகள் சில குடும்பங்கள்மேல் பரம்பரையாகச் சுமத்தப்பட்டன. அவர்களை 'எதா', 'ஹினின்' என்று அழைத்தார்கள். இரண்டுமே இன்று வசைச்சொற்கள், வரலாற்றுப் பெயர்களாக மட்டுமே இங்கே எழுதுகிறேன். இவர்கள் வேற்று இனத்தவர் என்று நெடுங்காலம் உலவிய கதையை ஆய்வாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பிரிவினை இடைக்காலத்திலேயே வேர்விட்டதா, தோக்குகாவா அரசு வலிந்து உருவாக்கியதா என்பதில்தான் இன்னும் விவாதம். பார்த்தால் தெரியாது என்பதால் அடையாளத்தைச் சட்டம் போட்டுத் திணிக்க வேண்டியிருந்தது. இந்த மக்கள் விவசாயிகள்போலவும் நகரத்தார்போலவும் வேடமிட்டு விடுதிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நுழைகிறார்கள் என்று குறைசொல்லி 1778-ல் ஓர் ஆணை பிறந்தது. நீங்கள் கேட்கும் மறைந்து வாழ்தல் அப்போதே நடந்திருக்கிறது என்பதற்கு அரசாங்கமே சாட்சி. 1850-களில் ஒக்காயாமா சிற்றரசு, வேலைப்பாடு எதுவும் இல்லாத பழுப்பு அல்லது அவுரி நீலத் துணியை மட்டுமே இவர்கள் உடுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 1856-ல் அந்த மக்கள் கூட்டமாக எழுந்து நின்றார்கள், உத்தரவு நடைமுறைக்கு வராமலே போனது.

தோக்குகாவா ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1871-ல் அந்தப் பெயர்களை ஒழித்தது. தகுதியிலும் தொழிலிலும் எல்லோரும் பொதுமக்களே என்று ஆணையிட்டது. அடுத்த ஆண்டே நாடு முழுவதற்கும் 'கோசெகி' எனும் குடும்பப் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. வினை அங்கேதான் தொடங்கியது. 1872-ல் பதிவேட்டை எழுதிய ஊர் அதிகாரிகளில் சிலர், ஒழிக்கப்பட்ட பெயரையே 'முன்னாள்' என்ற சொல்லோடு சேர்த்து எழுதி வைத்தார்கள். வேறு சிலர் 'புதிய பொதுமக்கள்' என்று எழுதினார்கள். எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை, சுத்தமாக எழுதப்பட்ட ஏடுகளும் உண்டு. ஆனால் எழுதப்பட்ட இடங்களில் 'புதிய' என்ற அந்த ஒரு சொல் மூன்று தலைமுறைக்குப் போதுமானதாக இருந்தது. 1968-ல்தான் அந்தப் பழைய ஏடுகளை யாரும் பார்க்கக்கூடாது என்று முத்திரையிட்டுப் பூட்டினார்கள். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் அவை திறந்தே கிடந்தன.

பிந்தைய கோசெகியில் அப்படிப்பட்ட சொல் எதுவும் கிடையாது. பிறகு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். ஒரு பக்கத்தைக் கண்முன் வைத்துப் பாருங்கள். கைப்பட எழுதிய காலத்து ஏட்டில், மேலிருந்து கீழாக ஓடும் வரிகளில், வலது ஓரத்தில் முதலில் நிற்பது 'ஹோன்செகி', அதாவது பதிவேட்டு முகவரி. மாநிலம், ஊர், நில எண் வரை அதில் இருக்கும். அடுத்து குடும்பத் தலைவர் பெயர். பிறகு ஆளுக்கொரு கட்டம்: பெயர், பிறந்த நாள், அப்பா அம்மா பெயர், எத்தனையாவது பிள்ளை, எந்தப் பதிவேட்டிலிருந்து இங்கே வந்தவர் என்ற விவரம். கல்யாணமாகியோ, இறந்தோ, மணமுறிவாலோ ஒருவர் வெளியேறினால் அவர் பெயரின்மேல் பெருக்கல் குறி. மணமுறிவு பெற்றவரை ஜப்பானியர் இன்றும் 'ஒரு பெருக்கல் குறி' என்று பேச்சுவழக்கில் சொல்வது இதை வைத்துத்தான். இந்தப் பக்கத்தில் பிறப்பைக் காட்டிக்கொடுப்பது அந்த முதல் வரி ஒன்றுதான். சாதியை எழுதவே வேண்டாம், ஊரின் பெயரும் நில எண்ணும் இருந்தாலே போதும். புராக்கு என்பது ஒரு குடியிருப்பு. எது புராக்கு என்று தெரிந்த ஒருவருக்கு அந்த முகவரியே மீதியைச் சொல்லிவிடும்.

இதை அந்தப் பையனும் அறிவான். ஆகவே முதலில் அந்த வரியைத்தான் மாற்றப் பார்ப்பான். இது குற்றம் அல்ல, சட்டமே அனுமதிக்கும் காரியம். 1948-க்குப் பிந்தைய முறையில் ஒரு பதிவேட்டில் பெற்றோரும் மணமாகாத பிள்ளைகளும் மட்டுமே இருப்பார்கள். வயது வந்த பிள்ளை (முன்பு 20, 2022 முதல் 18) மணமாகாமலே தனக்கென்று தனிப் பதிவேடு பிரித்துக்கொள்ளலாம். அதன் முகவரியாக ஜப்பானுக்குள் எந்த நில எண்ணையும் தரலாம், அங்கே வசிக்க வேண்டியதில்லை. டோக்கியோ அரண்மனையின் எண்ணையும், கோஷியென் பேஸ்பால் மைதானத்தின் எண்ணையும் ஆசைக்காகப் பதிவேட்டு முகவரியாக வைத்திருப்பவர்கள் பலர். கட்டணம் இல்லை, ஒரு படிவம் போதும். ஆனால் கை நழுவுவதும் இங்கேதான். புதிய பதிவேடு பிறக்கும்போது, 'முந்தைய பதிவேடு இன்ன இடம்' என்ற வரியும் கூடவே பிறக்கிறது. ஊர் மாற்றி இரண்டாம் முறை மாற்றினால் புதிய பக்கத்தில் முதல் மாற்றத்தின் முகவரி வரும், பிறந்த ஊர் ஒரு படி பின்னே போகும். மூன்றாம் முறை மாற்றினால் இன்னொரு படி. சங்கிலி நீளுமே தவிர அறுந்துபோகாது. மூடப்பட்ட பழைய பதிவேடு அந்தந்த ஊர் அலுவலகத்தில் 80 ஆண்டுகள் காக்கப்பட்டது, 2010 முதல் 150 ஆண்டுகள். இன்றைய கணக்கில் நடப்புப் பதிவேட்டின் நகலுக்கு 450 யென், மூடப்பட்டதற்கு 750 யென். மூன்று படி பின்னே போகிறவருக்குப் பொறுமைதான் செலவு.

பெயரை மாற்றினால் என்ன என்று அடுத்து தோன்றும். குடும்பப் பெயரை மாற்றக் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் காட்ட வேண்டும். எளிய வழி வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் மனைவி வீட்டுப் பெயரை ஏற்பது, அல்லது வயது வந்தபின் தத்துப் போவது. இரண்டும் ஜப்பானில் சாதாரணம். ஆனால் இரண்டுமே பதிவேட்டில் ஏறும்: பெற்ற தாய் தந்தை பெயர், வளர்த்தவர் பெயர், வந்த பதிவேடு எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். பெயரை மாற்றுவதால் மறைக்கக் கிடைப்பதும் குறைவு. சாதாரண மக்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றே 1870-ல்தான் சட்டம் சொன்னது, 1875-ல்தான் அது கட்டாயமானது. ஆகவே பெயரை வைத்துப் பிறப்பைச் சொல்லிவிடலாம் என்பது பெரும்பாலும் பொய். சில ஊர்களில் சில பெயர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்பது உண்மை. அதே பெயர் வேறு மாநிலத்தில் கோயில் பூசாரிக்கும் இருக்கும்.

பலர் தவறவிட்ட இன்னொரு காகிதம் உண்டு. பதிவேட்டோடு ஒட்டியபடி 'இணைப்பு ஏடு' ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் இருக்கும் காலம் முழுக்க அந்த ஆள் வசித்த முகவரிகளை அது வரிசையாகக் காட்டும். வசிப்பிடச் சான்றிலோ, கேட்டால், பதிவேட்டு முகவரி அச்சாகும். முகவரியிலிருந்து பதிவேட்டுக்கும், பதிவேட்டிலிருந்து முகவரிக்கும் இரு பக்கமும் கதவு திறந்தே இருக்கிறது. ஒரு பையன் எட்டு வாடகை அறைகள் மாறியிருந்தாலும் எட்டும் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்.

இனி இரண்டாவது கேள்வி: யார் படித்தார்கள்? 1976-ல் சட்டம் திருத்தப்படும் வரை கட்டணம் கட்டிய எவரும் அடுத்தவர் கோசெகியைப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். வேலைக்கு மனுப் போடும்போது நிறுவனங்கள் அந்த நகலையே கேட்டன. சொந்தப் படிவங்களில் அப்பாவின் தொழில், வீட்டுச் சொத்து, வீட்டுக்கு வழிகாட்டும் வரைபடம் வரை கேட்ட நிறுவனங்களும் உண்டு. ஆசிரியர்களும் புராக்கு இயக்கத்தாரும் போராடிய பிறகு, 1973-ல் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களுக்கான நாடு தழுவிய பொது மனுப்படிவம் வந்தது, அந்தக் கேள்விகள் நீங்கின. கல்யாணத்திலோ, நம்மூரில் சொந்தபந்தம் வழியாக வரன் விசாரிப்பதுபோல, அங்கே காசு வாங்கிக்கொண்டு விசாரித்துத் தரும் நிறுவனங்கள் இருந்தன. 'கோஷின்ஜோ' என்று பெயர். அந்த நிறுவனத்தின் ஆள் முதலில் பதிவேட்டைப் பின்னோக்கித் தேடுவார். பிறகு பழைய ஊருக்கே போய் அரிசிக்கடையில், பக்கத்து வீட்டில், புத்தக் கோயிலில் பேச்சுக் கொடுப்பார். கோயிலின் இறந்தோர் ஏட்டில் சில இடங்களில் புராக்கு மக்களுக்கு மட்டும் மிருகம், தோல், அடிமை என்று பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்து மரணப் பெயர் சூட்டியிருந்தார்கள், கல்லறைக் கற்களிலும் அதைச் செதுக்கியிருந்தார்கள். செத்த பிறகும் விடாத கொடுமை இது. பௌத்தப் பிரிவுகளே 1980-களில் தங்கள் கோயில்களில் தேடி இதை ஒப்புக்கொண்டு, கற்களையும் ஏடுகளையும் திருத்தத் தொடங்கின.

ஊர் முகவரி கிடைத்தாலும் அது புராக்குவா இல்லையா என்று டோக்கியோவில் மேசை முன் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாதே? அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு பட்டியல். 1975 நவம்பரில், ஒசாகாவில் புராக்கு விடுதலைக் கழகத்துக்கு வந்த ஒரு மொட்டைக் கடிதத்தால் வெளிச்சத்துக்கு வந்தது. நாடு முழுவதும் உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளின் பெயர், இருக்கும் இடம், வீடுகளின் எண்ணிக்கை, முக்கியத் தொழில் என்று வரிசையாக அச்சிட்டு, நிறுவனங்களுக்கு அஞ்சலில் விளம்பரம் அனுப்பி ரகசியமாக விற்றிருந்தார்கள். வாங்கியவை இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், பெயர்பெற்றவை பலவும் அதில் அடக்கம். இதில் மனதை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. 1935-ல் புராக்கு மக்களின் நலத்திட்டங்களுக்காக எடுத்த கணக்கெடுப்பிலும் இதே வகை விவரங்கள்தான் இருந்தன. உதவி செய்ய எடுத்த கணக்கு உளவு பார்க்கும் கருவியாக மாறியது. அந்தப் பட்டியலும் பதிவேட்டின் முதல் வரியும் சேர்ந்துவிட்டால், ஒருவரின் பிறப்பைத் தெரிந்துகொள்ள யாரும் வெளியே போய் விசாரிக்கவே வேண்டாம்.

காகிதத்தைத் தாண்டி வந்தவர்களை மனிதர்கள் காட்டிக்கொடுத்தார்கள், பல நேரம் கெட்ட எண்ணம் இல்லாமலே. ஊரிலிருந்து வரும் கடிதத்தின் முத்திரை, இறந்தோரை நினைக்கும் ஓபோன் விழாவுக்கு எந்த ரயில் ஏறுகிறான், தம்பியின் கல்யாணம், அப்பாவின் சாவு. ஒருவன் மறைந்தால் அண்ணன் தம்பிகளும் சேர்ந்து மறைய வேண்டும், அல்லது அவன் அவர்களை மறக்க வேண்டும். உணவுகூடத் தடயமாகியது. மாட்டுக் குடலைக் கொழுப்பு வடியும் வரை பொரித்து உலர்த்திய 'அபுராகாசு' ஒசாகா வட்டாரப் புராக்கு வீடுகளின் சமையல். இன்று உடோன் நூடுல்ஸ் கடைகளில் வரிசையில் நின்று அதைச் சாப்பிடுகிறார்கள். அன்று அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடம். தெரிந்தவர்கள் வாயால் சொல்லாமல் நான்கு விரலை உயர்த்திக் காட்டுவார்கள், நாலுகால் விலங்கு என்று பொருள். புராக்குவில் பிறந்த அரசியல்வாதி ஹிரோமு நோனாகா பொய்ப் பெயரில் வாழ்ந்தவர் அல்லர். ஆனால் இளமையில் ஒசாகா ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, தான் ஆதரித்து வளர்த்த ஓர் ஊர்க்காரர் வழியாகவே அவர் பிறப்பு சக ஊழியர்களுக்குத் தெரிந்தது. வேலையை விட்டு கியோத்தோ மாநிலத்தின் சோனோபேவுக்குத் திரும்பி 1951-ல் நகர மன்ற உறுப்பினரானார். 1998-ல் அமைச்சரவைத் தலைமைச் செயலராக உயர்ந்தார். அவ்வளவு உயரத்திலும் அவர் பிறப்பைப் பற்றிய பேச்சு கட்சிக்குள் ஓயவில்லை.

மறைப்பதே குற்றமாக இருந்ததா என்ற கேள்வியும் இங்கே எழும். எந்தச் சட்டமும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் 1933-ல் தகமாத்சு மாவட்ட நீதிமன்றத்தில் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது. பழைய பொருள் வியாபாரம் செய்த புராக்கு சகோதரர்கள் இருவரில் ஒருவர் ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழத் தொடங்கினார். பெண்ணின் தந்தை புகார் கொடுத்தார். பிறப்பைச் சொல்லாமல் மறைத்துப் பெண்ணை ஏமாற்றிக் கடத்தினார்கள் என்று அரசுத் தரப்பு வாதிட்டது, இருவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. 1871 ஆணைப்படி இல்லாமல் போன ஒரு பிறப்பை, சொல்ல வேண்டிய கடமையாக நீதிமன்றம் மாற்றியது. புராக்கு மக்களின் சமத்துவச் சங்கமான 'சுயிஹெய்ஷா' ஃபுகுவோகாவிலிருந்து டோக்கியோ வரை பேரணி நடத்தியது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் இடமாற்றம் செய்யப்பட்டார், சகோதரர்கள் தண்டனைக்காலம் முடியும் முன்னரே வெளியே வந்தார்கள். 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் அந்தச் சங்கம் தொடங்கியபோதே, நாம் எதா என்பதில் பெருமைகொள்ளும் காலம் வந்துவிட்டது என்று அறிவித்திருந்தது. ஆனாலும் மறைந்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூங்கும் குழந்தையை எழுப்பாதே, பேசாமல் விட்டால் காலப்போக்கில் மறந்துபோகும் என்ற வாதம் புராக்கு குடும்பங்களுக்குள்ளேயே பலமாக இருந்தது. பிள்ளைக்குச் சொல்லாமலே வளர்த்த பெற்றோர் ஏராளம். அதன் விளைவு, வருங்கால மாமனார் கையில் இருக்கும் விசாரணை அறிக்கையிலிருந்துதான் தன் பிறப்பையே முதன்முதலில் தெரிந்துகொள்வது. இயக்கத்தார் அந்த வாதத்தை எதிர்த்ததற்கு இது ஒரு காரணம், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எத்தனை பேர் இப்படி மறைந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு யார் எண் கொடுத்தாலும் நம்பாதீர்கள். வெற்றி பெற்றவர் கணக்கில் வரமாட்டார் என்பதே இதன் தன்மை. 1993-ல் அரசு எடுத்த கணக்கு 4,442 குடியிருப்புகளையும் அங்கே சுமார் 8 லட்சத்து 90 ஆயிரம் பேரையும் காட்டியது. அதுவும் நலத்திட்டத்துக்காக அடையாளம் காட்டப்பட்ட பகுதிகளுக்குள் இருந்தவர்கள் மட்டும். டோக்கியோவில் அப்படி ஒரு பகுதியும் அறிவிக்கப்படவில்லை, அதனால் அந்த மாநகரம் கணக்கிலேயே இல்லை. ஊரை விட்டு அங்கே போனவர்கள் அந்த எண்ணுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

இன்று நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது? ஓட்டுநர் உரிமத்தில் அச்சாகிவந்த பதிவேட்டு முகவரி, சில்லு பொருத்திய அட்டை 2007 முதல் வந்தபின் அட்டையின் முகப்பிலிருந்து போய்விட்டது. 2008 முதல் நகல் கேட்பவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். ஆனால் வழக்கறிஞர், ஆவண எழுத்தர் போன்ற தொழில்முறையாளர்கள் வேலை நிமித்தம் அடுத்தவர் பதிவேட்டைக் கேட்கலாம் என்ற வழி திறந்திருக்கிறது. போலி விண்ணப்பப் படிவங்களால் அந்த வழியாக ஆயிரக்கணக்கான நகல்களை எடுத்து விற்ற கும்பல் 2011-ல் பிடிபட்டது. 2016-ல் புராக்கு பாகுபாட்டை ஒழிக்கத் தனிச் சட்டம் வந்தது, அதில் தண்டனைப் பிரிவு இல்லை. அதே ஆண்டில் ஒரு பதிப்பகம் பழைய கணக்கெடுப்புப் பட்டியலை மறுபதிப்பாகவும் இணையத்திலும் கொண்டுவர முயன்றது, வழக்கு நடந்தது. பாகுபாட்டுக்கு ஆளாகாமல் வாழும் உரிமை மனிதருக்கு உண்டு என்று டோக்கியோ உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது, 2024 டிசம்பரில் அது உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது.

இப்போது பல நகராட்சிகளில் 'உரியவருக்கு அறிவிப்பு' என்ற முறை இருக்கிறது. முன்கூட்டியே அலுவலகத்தில் பெயரைப் பதிந்து வைத்தால், உங்கள் கோசெகி நகலை வேறு யாராவது வாங்கியதும் வீட்டுக்குக் கடிதம் வரும். எந்தத் தேதி, எந்த ஆவணம், எத்தனை பிரதி என்று அதில் இருக்கும். கேட்டவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பதியாதவர்களுக்குப் பல ஊர்களில் கடிதமே வராது, பதிந்தவர்களின் எண்ணிக்கையோ மிகக் குறைவு. ஜப்பானிய நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், கல்யாணப் பேச்சு எடுக்கும் முன் அந்தப் பதிவைச் செய்துவிடச் சொல்லுங்கள்.